பயன்படுத்திய மகிழுந்துகளின் விலை நாட்டுக்கு நாடு வேறுபடுதல்

பயன்படுத்திய மகிழுந்துகளின் விலை வேறுபாடு என்பது, ஒரே நிறுவனம் செய்த, ஒரே வகையையும் ஒரே ஆண்டையும் சேர்ந்த, ஏறத்தாழ ஒரே தொலைவு ஓடிய மகிழுந்து (கார்) வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு விலைக்குக் கைமாறுவதைக் குறிக்கும். இவ்வேறுபாடு சில இடங்களில் ஐந்தில் ஒரு பங்கு அளவிலும், சில இடங்களில் பல மடங்கு அளவிலும் காணப்படுகிறது. தமிழர் பெருமளவில் வாழும் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நான்கு நாடுகளும் சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டுபவை. எனினும் இந்நான்கிலும் பழைய மகிழுந்தின் விலை நான்கு விதமாக அமைகிறது.

மகிழுந்தின் இரும்பும் இயந்திரமும் எங்கும் ஒன்றே. அதைத் தன் சாலையில் ஓட்டும் உரிமைக்கு ஒவ்வொரு நாடும் வைக்கும் விலைதான் பெரிதும் மாறுகிறது. இறக்குமதித் தீர்வை, வயது வரம்பு, பதிவுக் கட்டணம், பரிசோதனை விதி ஆகியவை அவ்விலையின் கூறுகளாகும். பழுதுபார்க்கும் கூலி, நாணய மாற்று வீதம், வாங்குபவருக்குக் கிடைக்கும் தகவலின் அளவு ஆகியவையும் இதில் பங்கு பெறுகின்றன.

## ஒரே விலை விதி

பொருளியலில் ஒரே விலை விதி என்றொரு கருத்து உண்டு. போக்குவரத்துச் செலவும் தடைகளும் இல்லையெனில் ஒரே பொருள் எல்லா ஊர்களிலும் ஒரே விலைக்கு விற்கும் என்பது இதன் சாரம். ஓரிடத்தில் விலை குறைவாக இருந்தால் வணிகர் அங்கு வாங்கி, விலை கூடிய இடத்தில் விற்பர். இதனால் முதலிடத்தில் விலை ஏறும், இரண்டாமிடத்தில் இறங்கும். இரண்டும் நெருங்கி வரும்.

கடலூர் மாவட்டத்திலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரம். அங்கு பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் உள்ளன. அங்கு செய்யப்படும் ஓர் அகல் விளக்கையோ பொம்மையையோ சென்னையில் விற்றாலும் பெங்களூருவில் விற்றாலும் விலையில் காணப்படும் வேறுபாடு பெரும்பாலும் ஏற்றுகூலியும் வணிகரின் ஆதாயமுமே. விளக்குக்குப் பதிவெண் இல்லை; அதன் வயதை எவரும் கேட்பதில்லை; அது ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டியதும் இல்லை. எனவே ஒரே விலை விதி அதற்கு ஓரளவு பொருந்துகிறது.

மகிழுந்தின் நிலை வேறு. அதைக் கப்பலில் ஏற்றுவது எளிது. ஆனால் சென்று சேரும் நாட்டில் அதைப் பதிவு செய்ய இயலாவிட்டால் அது வெறும் இரும்பே. பதிவு செய்ய இயலுமா, அதற்கு எவ்வளவு செலவாகும் என்பவற்றை அந்தந்த நாட்டின் சட்டமே முடிவு செய்கிறது.

### ஒரு கற்பனைக் கணக்கு

அ, ஆ என இரு நாடுகள் இருப்பதாகவும், அ நாட்டில் மகிழுந்துக்கு வரி இல்லை, ஆ நாட்டில் 100 விழுக்காடு வரி உண்டு எனவும் கொள்வோம். புதிய மகிழுந்து அ நாட்டில் 10 இலட்சம், ஆ நாட்டில் 20 இலட்சம். ஐந்தாண்டுகளில் இரண்டிலும் பாதி மதிப்புத் தேய்ந்தால் பழைய மகிழுந்து அ நாட்டில் 5 இலட்சம், ஆ நாட்டில் 10 இலட்சம்.

வணிகர் ஒருவர் அ நாட்டு வண்டியை ஆ நாட்டுக்குக் கொண்டுசெல்ல முயல்கிறார். விலை 5 இலட்சம், கப்பற்கூலி 1 இலட்சம், இவ்விரண்டின் மீதும் 100 விழுக்காடு வரி 6 இலட்சம். மொத்தம் 12 இலட்சம். ஆ நாட்டில் அது 10 இலட்சத்துக்கே விற்கும். ஆகவே வணிகம் நடைபெறாது. இரு நாடுகளுக்கும் இடையிலான 5 இலட்ச வேறுபாடு அப்படியே நீடிக்கும்.

அ நாட்டில் ஏதோவொரு காரணத்தால் பழைய வண்டியின் விலை விரைவாகச் சரிந்து 3 இலட்சமாகிறது எனில் கணக்கு மாறும். விலையும் கூலியும் 4 இலட்சம், வரி 4 இலட்சம், மொத்தம் 8 இலட்சம். இப்போது வண்டிகள் கப்பலேறும். ஆ நாட்டின் விலையும் 8 இலட்சத்தை நோக்கி இறங்கத் தொடங்கும். யப்பானிலிருந்து பழைய மகிழுந்துகள் உலகெங்கும் செல்வதை இக்கணக்கு விளக்குகிறது.

## காரணிகள்

### புதிய மகிழுந்தின் விலை

புதியது கிடைக்கும் வரை பழையதின் விலை புதியதின் விலையைத் தாண்டுவதில்லை. புதியதற்கான வரி கூடினால் பழையதின் விலையும் ஏறும். குறைந்தால் அதுவும் இறங்கும். இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய மகிழுந்துகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதனுடன் இருந்த கூடுதல் தீர்வையும் நீக்கப்பட்டது. இத்தகைய மாற்றம் ஏற்படும்போது முந்தைய நாள் வரை பழைய வண்டி வைத்திருந்தவரின் சொத்து மதிப்பும் குறைகிறது.

### இறக்குமதி விதிகள்

தன் நாட்டில் மகிழுந்துத் தொழிலை வளர்க்க விரும்பும் அரசுகள் பழைய வண்டிகளின் வரவைத் தடுக்கின்றன அல்லது மிகுந்த தீர்வை விதிக்கின்றன. தொழிற்சாலை இல்லாத நாடுகள் பெரும்பாலும் திறந்து வைக்கின்றன. நியூசிலாந்தில் 1998-இல் மகிழுந்துக்கான இறக்குமதித் தீர்வை நீக்கப்பட்டது. அதே ஆண்டில் அங்கிருந்த கடைசி ஒருங்கிணைப்புத் தொழிற்சாலைகளும் மூடப்பட்டன. அதன்பின் யப்பானியப் பழைய மகிழுந்துகள் அங்கு மலிவாகக் கிடைத்தன. கென்யா எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளை ஏற்பதில்லை. வயது வரம்பு குறையக் குறைய உள்ளே வரும் வண்டியின் தரம் உயர்கிறது, விலையும் உயர்கிறது.

### ஓட்டும் பக்கம்

உலகச் சந்தை, வலப்புறத் திசைமாற்றி கொண்ட வண்டிகளுக்கும் இடப்புறத் திசைமாற்றி கொண்ட வண்டிகளுக்கும் எனப் பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்துள்ளது. ஐக்கிய அரபு அமீரகத்தில் மகிழுந்துக்கான சுங்கத் தீர்வை 5 விழுக்காடு மட்டுமே. துபாயிலும் சார்சாவிலும் பெரிய பழைய மகிழுந்துச் சந்தைகள் உள்ளன. அங்கு பணிபுரியும் தமிழர் பலர் ஊரில் எண்ணிப் பார்க்க முடியாத வண்டிகளைக் குறைந்த விலையில் வாங்கி ஓட்டுகின்றனர். ஊர் திரும்பும்போது அவற்றை அங்கேயே விற்றுவிட்டு வருகின்றனர். திசைமாற்றி இடப்புறம் இருப்பதால் அவற்றை இந்தியாவில் இறக்குமதி செய்து பதிய இயலாது.

### பரிசோதனை, வயது, கூலி

பழைய வண்டிக்கு அடிக்கடி பரிசோதனையும் கூடுதல் வரியும் விதிக்கும் நாட்டில் அதை வைத்திருப்பது சுமையாகிறது. மக்கள் விரைவில் விற்றுவிடுவர். பழுதுபார்ப்போரின் கூலி மிகுந்த நாட்டில் ஒரு பெரிய பழுது வண்டியின் முழு விலையையும் விழுங்கிவிடும். கூலி குறைந்த நாட்டில் அதே வண்டி சீர் செய்யப்பட்டு மேலும் பத்து ஆண்டுகள் ஓடும். மலிவான உழைப்பு பழைய வண்டியின் ஆயுளை நீட்டி, அதன் விலையையும் தாங்கிப் பிடிக்கிறது.

### தகவல் குறைபாடு

விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்நிலையில் வாங்குபவர் எல்லா வண்டிகளுக்கும் குறைத்தே விலை கேட்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க முன்வரமாட்டார். சந்தையில் குறையுள்ள வண்டிகளே மிஞ்சும். அமெரிக்கப் பொருளியலாளர் சார்ச்சு அக்கர்லாஃப் 1970-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை பழைய மகிழுந்துச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டே இதனை விளக்கியது. அவருக்கு 2001-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பரிசோதனைச் சான்றும் ஓடிய தொலைவின் பதிவும் நம்பத்தக்கவையாக உள்ள நாட்டில் நல்ல வண்டிக்கு நல்ல விலை கிடைக்கிறது.

## நாடுகள்

### யப்பான்

யப்பானில் சாகென் எனப்படும் கட்டாயப் பரிசோதனை முறை உள்ளது. புதிய மகிழுந்துக்கு மூன்று ஆண்டுகள் கழித்தும், பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் இது நடைபெறுகிறது. பரிசோதனைக் கட்டணத்துடன் எடை வரி, கட்டாயக் காப்பீடு, பழுதுபார்ப்பு ஆகியவையும் சேர்ந்து பெருந்தொகையாகின்றன. பெட்ரோல் மகிழுந்து 13 ஆண்டுகளைத் தாண்டினால் ஆண்டு வரியும் உயர்கிறது. எனவே யப்பானியர் பலர் நன்றாக ஓடும் வண்டியையே கைவிட்டுப் புதியது வாங்குகின்றனர்.

கைவிடப்படும் வண்டிகள் ஏலக்கூடங்களுக்குச் செல்கின்றன. அங்கு ஒவ்வொரு வண்டிக்கும் தரமதிப்பெண் கொண்ட பரிசோதனைத் தாள் ஒட்டப்படுகிறது. வெளிநாட்டில் உள்ள வணிகர் வண்டியை நேரில் காணாமலே அத்தாளை நம்பி ஏலம் கேட்கின்றார். யப்பான் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பழைய வாகனங்களை ஏற்றுமதி செய்கிறது.

### சிங்கப்பூர்

இடநெருக்கடி மிக்க சிங்கப்பூரில் 1990 மே மாதம் முதல் வாகன எண்ணிக்கைக் கட்டுப்பாட்டு முறை நடைமுறையில் உள்ளது. மகிழுந்து வாங்க விரும்புவோர் முதலில் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் பெற வேண்டும். அது பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். 2018 பெப்ரவரி முதல் மகிழுந்துகளின் எண்ணிக்கை வளர்ச்சி வீதம் சுழியமாக வைக்கப்பட்டது. 2023 அக்டோபரில் பெரிய மகிழுந்து வகைக்கான சான்றிதழ் 1,50,001 சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டது. இதில் வண்டியின் விலை சேராது.

ஆகவே சிங்கப்பூரில் பழைய மகிழுந்து வாங்குபவர் முதலில் பார்ப்பது சான்றிதழில் எஞ்சியிருக்கும் காலத்தையே. அங்குள்ள விற்பனை விளம்பரங்களில் வண்டியின் மொத்த விலையுடன், எஞ்சிய ஆண்டுகளுக்கு வகுத்துக் கணக்கிட்ட ஆண்டுத் தேய்மானமும் குறிக்கப்படுகிறது. பத்து ஆண்டு முடிந்ததும், ஏல விலையின் அண்மைச் சராசரியைச் செலுத்திச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். இல்லையெனில் வண்டியை ஏற்றுமதி செய்யவோ உடைக்கவோ வேண்டும். அதே வயதுடைய மகிழுந்துகள் நீரிணைக்கு அப்பால் மலேசியாவின் சொகூர் மாநிலத்தில் எந்தத் தடையுமின்றி ஓடிக்கொண்டிருக்கும்.

### மலேசியா

மலேசியா 1983-இல் புரோட்டான் நிறுவனத்தையும் 1993-இல் பெரோடுவா நிறுவனத்தையும் தொடங்கித் தேசிய மகிழுந்துத் தொழிலை வளர்த்தது. அத்தொழிலைக் காக்க வெளிநாட்டு வண்டிகளுக்கு மிகுந்த தீர்வையும், இறக்குமதிக்கு உரிம முறையும் வைக்கப்பட்டன. இதனால் அங்கு உள்நாட்டுச் சிறிய வண்டி மலிவாகவும், இறக்குமதி வண்டி விலை மிகுந்தும் உள்ளன. பழைய வண்டிகளிலும் இவ்விடைவெளி தொடர்கிறது.

### இலங்கை

இலங்கையில் மகிழுந்துகள் பெரும்பாலும் இறக்குமதியானவை. புதியவை இந்தியாவிலிருந்தும், பயன்படுத்தியவை யப்பானிலிருந்தும் வந்தன. சுசுகி வேகன் ஆர், தொயோட்டா விட்சு, தொயோட்டா அக்குவா போன்றவை அங்கு பரவலாகக் காணப்படும். இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்து விதிக்கப்படும் உற்பத்தித் தீர்வை வண்டியின் விலையை வெகுவாக உயர்த்துகிறது.

அந்நியச் செலாவணியைக் காக்க 2020 மார்ச்சு முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. புதிய வண்டி வராத நிலையில், பழைய வண்டியின் விலைக்கு மேல் வரம்பாக இருந்த புதிய வண்டியின் விலை மறைந்தது. 2022 மார்ச்சு தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 200 ஆக இருந்த இலங்கை ரூபாய், மே மாதத்தில் ஏறத்தாழ 360 ஆக வீழ்ந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 விழுக்காட்டை நெருங்கியது. வங்கியில் வைத்த பணம் தேய, வாசலில் நின்ற வண்டியின் விலை ஏறியது. பல ஆண்டுகள் ஓடிய மகிழுந்து, அதை முதலில் வாங்கியபோது கொடுத்த தொகையினும் கூடுதலாக விலைபோயிற்று. வண்டி வைத்திருந்த குடும்பத்துக்கு அது சேமிப்பாயிற்று. புதிதாக வாடகை வண்டித் தொழிலில் இறங்க எண்ணியவருக்கோ தொழிலின் நுழைவாயிலே அடைபட்டது.

தனியார் மகிழுந்துகளின் இறக்குமதி 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பயன்படுத்திய மகிழுந்துகளுக்கு மூன்று ஆண்டு வயது வரம்பு வைக்கப்பட்டது. தீர்வைகள் உயர்வாகவே இருந்ததாலும், ரூபாயின் மதிப்பு 2020-ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பாததாலும் விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை.

### இந்தியா

இந்தியா 2001 முதல் பழைய மகிழுந்து இறக்குமதியைக் கடும் நிபந்தனைகளுடன் அனுமதிக்கிறது. வண்டி மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாததாகவும், வலப்புறத் திசைமாற்றி கொண்டதாகவும் இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகவே வர வேண்டும். மொத்தத் தீர்வை வண்டியின் மதிப்பைவிட மிகுதி. இதனால் யப்பானியப் பழைய வண்டிகள் கொழும்பு வரை வந்தும் தூத்துக்குடிக்கு வருவதில்லை. இந்தியாவின் பழைய மகிழுந்துச் சந்தை ஏறத்தாழ முழுமையாக உள்நாட்டில் உற்பத்தியான வண்டிகளாலானது. உள்நாட்டில் சிறிய வண்டிகள் பெருமளவில் செய்யப்படுவதாலும், விற்கும் நிறுவனங்களிடையே போட்டி இருப்பதாலும் அவற்றின் விலை இலங்கை, சிங்கப்பூர் விலைகளை விடக் குறைவு.

எனினும் இந்தியாவும் இலங்கையின் 2020-களின் நிலையை ஒருகாலத்தில் கண்டதே. 1983 திசம்பரில் மாருதி 800 வெளிவரும் வரை அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற மிகச் சில வகைகளே கிடைத்தன. உற்பத்தி உரிமக் கட்டுப்பாட்டால் எண்ணிக்கை குறைவாக இருந்தது. முன்பதிவு செய்தவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். காத்திருக்க இயலாதவர் பயன்படுத்திய வண்டிக்குப் புதியதன் விலைக்கு மேலும் கொடுத்து வாங்கினர்.

## மாநில எல்லையில் அதே நிகழ்வு

நாடுகளுக்கிடையே காணப்படும் இந்நிகழ்வு ஒரு நாட்டுக்குள்ளும் சிறிய அளவில் நிகழ்கிறது. இந்தியாவில் சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுவது இதற்குக் காரணம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வீதப்படி புதிய மகிழுந்துக்கான ஆயுட்கால வரி, 5 இலட்சம் ரூபாய் வரை 12 விழுக்காடு, 10 இலட்சம் வரை 13 விழுக்காடு, 20 இலட்சம் வரை 18 விழுக்காடு, அதற்கு மேல் 20 விழுக்காடு ஆகும். அண்டையிலுள்ள புதுச்சேரியில் வரி இதனினும் குறைவு.

இதனால் புதுச்சேரிப் பதிவெண் கொண்ட பழைய வண்டி விருத்தாசலத்தில் ஒருவருக்கு மலிவாகத் தோன்றலாம். ஆனால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிந்த வாகனத்தை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கு புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்கு முதற்பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். வண்டியின் வயதுக்கேற்பத் தமிழ்நாட்டின் வரியும் செலுத்த வேண்டும். இச்செலவுகளைக் கூட்டினால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். மேலே கண்ட கற்பனைக் கணக்கே இங்கும் சிறிய அளவில் பொருந்துகிறது. வரி வேறுபாட்டைப் பயன்படுத்தி, புதுச்சேரியில் வாழாதவர்கள் அங்கு விலையுயர்ந்த வண்டிகளைப் பதிவு செய்தது 2017-இல் கேரளத்தில் பெரும் சர்ச்சையாயிற்று.

டில்லி இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு. தலைநகர் வட்டாரத்தில் பத்து ஆண்டுகளைத் தாண்டிய தீசல் வண்டிகளும் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. வயது நெருங்கிய வண்டிகளின் விலை அங்கு சரிந்தது. அவை பிற மாநிலங்களுக்கு விற்கப்பட்டன. 2025-இல் உச்ச நீதிமன்றம் இவ்விதியின் கடுமையைத் தளர்த்தியது. டில்லியில் வயதால் மதிப்பிழந்த வண்டி வேறு மாநிலத்தில் மதிப்புப் பெறுவதும், யப்பானில் மதிப்பிழந்த வண்டி கொழும்பில் மதிப்புப் பெறுவதும் ஒரே காரணத்தின் விளைவுகளே.

## விளைவுகள்

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2015 முதல் 2018 வரை 1 கோடியே 40 இலட்சம் பழைய இலகு வாகனங்கள் ஐரோப்பிய ஒன்றியம், யப்பான், அமெரிக்கா ஆகியவற்றிலிருந்து ஏற்றுமதியாயின. அவற்றில் பெரும்பகுதி வளரும் நாடுகளுக்குச் சென்றது. இவ்வணிகத்தால் குறைந்த வருவாய் உள்ளோருக்கும் வாகனம் கிட்டுகிறது. அதேவேளை புகைக் கட்டுப்பாடும் பாதுகாப்பும் குறைந்த வண்டிகள் விதிமுறை தளர்ந்த நாடுகளில் குவிகின்றன.

விலை உயர்ந்த நாடுகளில் அவ்வுயர்வின் பயன் ஒரே இடத்துக்குச் செல்வதில்லை. சிங்கப்பூரில் அது ஏலத் தொகையாக அரசின் கருவூலத்தைச் சேருகிறது. சாலை நெரிசலும் குறைகிறது. மலேசியாவில் அதன் ஒரு பகுதி உள்நாட்டுத் தொழிற்சாலைகளையும் அங்கு பணிபுரிவோரையும் காக்கிறது. இறக்குமதி நிறுத்தப்பட்ட காலத்து இலங்கையில் அது ஏற்கெனவே வண்டி வைத்திருந்தவர்களுக்குச் சென்றது. வாங்குபவர் கொடுக்கும் கூடுதல் தொகை எங்கும் ஒன்றுபோலத் தோன்றினாலும், அது யாரைச் சென்றடைகிறது என்பதை அந்தந்த நாட்டின் விதியே தீர்மானிக்கிறது.

வெளிநாட்டில் விலை குறைவு என்று கேள்விப்பட்டு வண்டி வாங்க எண்ணுவோர், அங்குள்ள விலையை மட்டும் ஊர் நாணயத்துக்கு மாற்றி ஒப்பிடுவது பிழையான கணக்காகும். திசைமாற்றியின் பக்கம், வயது வரம்பு, கப்பற்கூலி, தீர்வை, பதிவுச் செலவு, உதிரிப்பாகங்கள் கிடைக்கும் நிலை ஆகிய அனைத்தையும் சேர்த்த பின்னரே இரு நாட்டு விலைகளும் ஒப்பிடத்தக்கவையாகின்றன.